கூடு தெரிகிறது, கடல் தெரியவில்லை

ஒரு பறவைக் குஞ்சு சும்மா உட்கார்ந்திருப்பதை மணிக்கணக்காகப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். அவர்களில் நானும் ஒருவன். நியூசிலாந்தின் தென்தீவில், டனிடின் நகரை ஒட்டிய ஒடாகோ தீபகற்பத்தின் முனையில் ஒரு குன்று. மவோரி மக்கள் அதை புகேகுரா என்கிறார்கள். வரைபடங்களில் டயரோவா முனை. அங்கே ராயல் அல்பட்ராஸ் பறவைகள் கூடு வைக்கின்றன. 2016 முதல் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புத் துறை ஆண்டுதோறும் ஒரு கூட்டைத் தேர்ந்து, அருகில் ஒரு கேமராவை நிறுத்தி, இரவும் பகலும் நேரலையாகக் காட்டிவருகிறது. அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் அந்தக் காட்சியை உலகத்துக்கு எடுத்துச் செல்கிறது. ஜனவரிக் கடைசியில் முட்டை பொரியும். அந்த நாட்களில் நமக்கு இரவு பதினொன்றை நெருங்கும்போது அங்கே பொழுது புலரும். குமரி மாவட்டத்தில் என் ஊரான சிதறாலில் ரப்பர் தோட்டங்கள் இருண்டு, ஊர் அடங்கிய பிறகு, என் கைபேசியில் ஒரு புல்மேடு வெளுக்கத் தொடங்கும்.

அங்கே பெரும்பாலும் ஒன்றும் நடப்பதில்லை. காற்று அடிக்கிறது, புல் சாய்கிறது. குஞ்சு கழுத்தை நீட்டி எட்டும் தூரத்துப் புல்லைப் பிடுங்கித் தன்னைச் சுற்றி அடுக்குகிறது. மழை வந்தால் நனைகிறது. வெயில் ஏறினால் வாயைத் திறந்து மூச்சு வாங்குகிறது. சில நாள் கழித்து, எந்த முன்னறிவிப்பும் இல்லாமல், மூன்று மீட்டர் அகலச் சிறகு ஒன்று திரைக்குள் இறங்கும். தாயாக இருக்கலாம், தகப்பனாக இருக்கலாம். குஞ்சு தன் அலகால் அந்த அலகைத் தட்டும். கணவாயும் மீனும் எண்ணெயுமாய்க் குழைந்த இரை குஞ்சின் தொண்டைக்குள் இறங்கும். எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பெரிய பறவை மேட்டின் ஓரத்துக்கு நடந்து போய், சிறகை விரித்து, காற்றில் ஏறிவிடும். மறுபடியும் புல், காற்று, குஞ்சு. ஏறத்தாழ 80 நாள் அடைகாப்பு, அதன் பின் எட்டு மாதக் குஞ்சு வளர்ப்பு. இத்தனை உழைப்பு வேண்டியிருப்பதால், ஒரு குஞ்சை வளர்த்துப் பறக்கவிட்ட இணை மறு ஆண்டு முட்டையிடுவதில்லை.

தொலைக்காட்சியில் வரும் இயற்கைப் படங்களைச் சின்ன வயது முதல் பார்த்திருக்கிறேன். அவற்றில் எப்போதும் ஏதாவது நடந்துகொண்டே இருக்கும். துரத்தல், பிடித்தல், சேர்க்கை, மரணம். ஆண்டுக்கணக்கில் எடுத்த காட்சிகளை வெட்டி ஐம்பது நிமிடத்துக்குள் அடைத்தால் விலங்கின் வாழ்க்கை முழுக்கச் சம்பவங்களால் ஆனது என்று தோன்றிவிடும். நேரலைக் கேமரா அந்தத் தோற்றத்தைக் கலைக்கிறது. பின்னணி இசை இல்லை, விளக்கிச் சொல்லும் குரல் இல்லை, வெட்டுவதற்கும் ஆள் இல்லை. பறவை எவ்வளவு நேரம் காத்திருக்கிறதோ அவ்வளவு நேரம் பார்ப்பவனும் காத்திருக்க வேண்டும். உயிரின் பெரும்பகுதி காத்திருப்பில் கழிகிறது என்பதை நான் அறிந்துகொண்டது இங்கேதான்.

இந்தக் கேமராவுக்கு முன்னோடியாக ஒரு மனிதர் இருந்தார். லான்ஸ் ரிச்டேல், டனிடினில் ஆசிரியர். டயரோவா முனையில் அல்பட்ராஸ் முட்டையிடத் தொடங்கிய காலத்தில் முட்டைகளை மனிதர்கள் எடுத்துப் போனார்கள்; நாயும் பிற விலங்குகளும் குஞ்சுகளைக் கொன்றன. 1930-களின் பிற்பகுதியில் ரிச்டேல் அங்கே கூட்டருகே முகாமிட்டுக் காவல் இருந்தார். 1938-இல் அங்கிருந்து முதல் குஞ்சு பறந்து கடலுக்குப் போனது. இன்று அந்தக் குன்றில் நடப்பதெல்லாம் அந்த ஒருவர் உட்கார்ந்து பார்த்ததன் தொடர்ச்சி. 1937-இல் வளையம் மாட்டப்பட்ட ஒரு பெண் பறவை அதற்குப் பிறகு அரை நூற்றாண்டுக்கு மேல் அங்கே திரும்பத் திரும்ப வந்தது. அதற்குப் பாட்டி என்றே பெயர் வைத்தார்கள். இன்றைய காவலர்கள் கேமராவோடு நின்றுவிடுவதில்லை. முட்டை பொரியும் தறுவாயில் அதை எடுத்துக் காப்பகத்தில் பொரிக்கவைத்துத் திரும்பக் கூட்டில் சேர்க்கிறார்கள், ஈக்கள் குஞ்சின் உடம்பில் முட்டையிட்டுவிடக் கூடாது என்பதற்காக. குஞ்சை எடை பார்க்கிறார்கள். எடை குறைந்தால் தாங்களே ஊட்டுகிறார்கள். வெயில் கடுமையான நாட்களில் கூடுகளின் மேல் தண்ணீர் தெளிக்கிறார்கள். கூட்டருகே செய்வது திரையில் தெரியும், ஒளிவுமறைவு கிடையாது.

நான் இருக்கும் ஊரின் மலையைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்திலிருந்து ஏழு கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் சிதறாலுக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் திருச்சாரணத்துமலையைப் பார்க்கத்தான் வருகிறார்கள். மேலே இயற்கைக் குகையை ஒட்டிய பாறை முகத்தில் ஒன்பதாம் நூற்றாண்டின் சமணச் சிற்பங்கள் இருக்கின்றன. பார்சுவநாதர், பத்மாவதி, அம்பிகை, வரிசையாக அமர்ந்த தீர்த்தங்கரர்கள். பிற்காலத்தில் பகவதி கோயிலாகிவிட்டது. நின்று கவனித்தால் சிறிய உருவங்களின் கீழே எழுத்துகள் தெரியும். அந்த உருவத்தைச் செய்வித்தவர் யார், எந்த ஊர் என்ற குறிப்புகள். தமிழ்நாட்டின் பல சமணக் குன்றுகளில் தன் பெயரை விட்டுச்சென்ற சமணத் துறவி அச்சணந்தியின் பெயர் இங்கேயும் இருக்கிறது. ஆய் மன்னன் விக்கிரமாதித்த வரகுணனின் 28-ஆம் ஆட்சியாண்டில், பேராயக்குடி அரிட்டநேமி பட்டாரரின் மாணவியான குணந்தாங்கிக் குறத்தி என்ற பெண்துறவி இம்மலைப் பட்டாரியாருக்குப் பொன்னணி கொடுத்ததைக் கல்வெட்டு சொல்கிறது. தொலைவிலிருந்து வந்தவர்களின் பெயரை எழுதிவைக்கும் பழக்கம் இந்த மலைக்கு ஆயிரத்து நூறு ஆண்டுகளாக உண்டு.

இந்தச் சிற்பங்களைச் செய்தவர்களின் அறத்துக்கும் நேரலைக் கேமராவுக்கும் ஓர் உறவு இருப்பதாக எனக்குப் படுகிறது. எந்த உயிருக்கும் இடையூறு செய்யாமல் இருப்பதை வாழ்க்கையின் முதல் விதியாக வைத்தவர்கள் அவர்கள். கூட்டருகே கால் வைக்காமல், நிழல் விழாமல், மூச்சுக் கேட்காமல் பார்க்கும் வழி என்ற அளவில் கேமராவும் அந்த விதிக்கு உட்பட்டதே. எங்கள் மாவட்டத்து மணக்குடிப் பொழிமுகத்திலும் புத்தளம் உப்பளத்திலும் நான் பார்த்த சில காட்சிகளோடு ஒப்பிட்டால் இதன் அருமை புரியும். பெரிய லென்ஸ் வைத்திருப்பவர்கள் பூநாரைக் கூட்டம் பறக்கும் படம் வேண்டும் என்பதற்காகக் கை தட்டுவதும் உப்பளத்து வரப்பில் ஓடுவதும் உண்டு. சேற்றில் இரை தேடும் பறவைக்கு ஒவ்வொரு தடவை எழும்பிப் பறப்பதும் ஒரு செலவு. தொலைவிலிருந்து பார்ப்பது உண்மையான பார்வை இல்லை என்று சொல்லும் நண்பர்கள் எனக்கு உண்டு. பக்கத்தில் போய்ப் பறவையை எழுப்பிவிட்டுப் பார்ப்பதைவிட, பத்தாயிரம் கிலோமீட்டருக்கு அப்பாலிருந்து அதை எழுப்பாமல் பார்ப்பது மேலான பார்வை என்பதே என் கருத்து.

ஆனாலும் இதை ஒரு சூத்திரமாக்கிவிட முடியாது. சுவீடனின் பால்டிக் கடலில் ஸ்டோரா கார்ல்சோ என்றொரு தீவு. அதன் பாறைச் சரிவுகளில் கில்லெமாட் பறவைகள் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகின்றன; ஆய்வாளர்கள் கேமராக்கள் வைத்து அவற்றைக் கண்காணிக்கிறார்கள். 2020-இல் கொரோனாவால் சுற்றுலாப் பயணிகள் வரவில்லை. பறவைகளுக்கு நிம்மதி கிடைத்திருக்கும் என்றுதானே நினைப்போம்? மனிதர் இல்லாத தீவுக்கு வெண்வால் கழுகுகள் வழக்கத்தைவிட ஏழு மடங்கு வந்தன. அவற்றுக்கு அஞ்சிக் கில்லெமாட்கள் கூட்டம் கூட்டமாக எழும்ப, முட்டைகள் உருண்டு விழுந்தன, காகங்களும் கடற்காகங்களும் கொத்திப் போயின. அந்த ஆண்டு குஞ்சுகளின் எண்ணிக்கை நான்கில் ஒரு பங்கு குறைந்தது. வேடிக்கை பார்க்க வந்துபோன மனிதர்கள் தங்களுக்கே தெரியாமல் காவலாகவும் இருந்திருக்கிறார்கள். அது கேமரா செய்ய முடியாத வேலை. ரிச்டேல் செய்தது அதைத்தான்.

கேமரா பார்க்கிறவர்களுக்கு இன்னொரு சோதனையும் உண்டு. கண்ணெதிரே சாவு நடக்கும். 2012 கோடையில் அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்துக் கடலில் சீல் தீவில் ஒரு பஃபின் கூட்டுக்குள் கேமரா வைத்தார்கள். பஃபின்கள் வேட்டையால் அந்தக் கடலிலிருந்து ஏறத்தாழ அற்றுப்போயிருந்தன. பறவையியலாளர் ஸ்டீபன் கிரெஸ் 1973-இல் தொடங்கிய திட்டத்தில் கனடாவிலிருந்து குஞ்சுகளைக் கொண்டுவந்து, ஆண்டுக்கணக்கில் பாடுபட்டு அவற்றை மீண்டும் குடியேற்றியிருந்தார். பீட்டி என்று பெயர் வைக்கப்பட்ட அந்தக் குஞ்சை ஆயிரக்கணக்கான வீடுகளிலும் பள்ளிகளிலும் பார்த்தார்கள். அந்த ஆண்டு மெய்ன் வளைகுடாவின் தண்ணீர் வழக்கத்துக்கு மாறாகச் சூடேறியிருந்தது. பஃபின் குஞ்சுகளுக்கு ஏற்ற மெலிந்த ஹெர்ரிங் மீன் கிடைக்கவில்லை. சூடான நீரோடு வடக்கே வந்திருந்த பட்டர்ஃபிஷ்தான் கிடைத்தது. நம் ஊர் வாவல் மீனைப் போல அகன்ற, தட்டையான மீன். பெற்றோர் அதையே பிடித்து வந்தன. குஞ்சு அதை வாங்கும், விழுங்கப் பார்க்கும், தொண்டைக்குள் போகாது, கீழே போடும். மறுபடி எடுக்கும். கூட்டில் மீன் குவிந்து கிடக்க, குஞ்சு பசியால் செத்தது. பார்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளுக்கு ஆசிரியர்கள் என்ன சொல்லியிருப்பார்கள் என்று யோசித்திருக்கிறேன். கடல் சூடாகிறது என்ற வாக்கியத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறோம். அதன் பொருள் ஒரு குஞ்சின் தொண்டையில் சிக்கிக் கண்முன்னே நின்றது அப்போதுதான்.

ஸ்காட்லாந்தின் பாஸ் பாறையும் அப்படித்தான். நார்த் பெரிக் ஊரில் 2000-ஆம் ஆண்டு திறந்த கடற்பறவை மையத்தில் உட்கார்ந்து, கடலுக்குள் இருக்கும் பாறையின் கேமராக்களைப் பார்வையாளர்களே திருப்பிப் பார்க்கலாம். வடக்குக் கேனட் பறவைகளின் உலகிலேயே மிகப் பெரிய குடியிருப்பாக இருந்தது அது. 2014 கணக்கெடுப்பில் 75,000-க்கும் மேற்பட்ட கூடுகள் இருந்தன. பாறையே வெள்ளையாகத் தெரியும். 2022-இல் பறவைக் காய்ச்சல் வந்தது. வெள்ளைப் பரப்பில் இடைவெளிகள் விழுந்தன. அந்தச் சமயத்தில்தான் சில பறவைகளின் கண் மாறியிருப்பதை ஆய்வாளர்கள் கவனித்தார்கள். வெளிறிய நீலமாக இருக்க வேண்டிய விழி கறுத்துப்போயிருந்தது. இரத்தப் பரிசோதனையில் அந்தக் கறுத்த விழிகள் நோயைத் தாங்கிப் பிழைத்தவற்றின் அடையாளம் என்று தெரியவந்தது. அடுத்த ஆண்டு கணக்கெடுத்தபோது கூடுகள் நான்கில் ஒரு பங்குக்கு மேல் குறைந்திருந்தன. நாள்தோறும் பார்த்துப் பழகிய கண்கள் இருந்ததால்தான் ஒரு விழியின் நிறம் மாறியது கூடத் தெரிந்தது.

இந்தக் கேமராக்கள் எல்லாவற்றிலும் ஒரே குறை எனக்குத் தென்படுகிறது. அவை கூட்டை மட்டும் காட்டுகின்றன. கடற்பறவை கரைக்கு வருவது முட்டையிடவும் குஞ்சு வளர்க்கவும்தான். மற்றபடி அதன் வாழ்க்கை முழுவதும் கடலில். டயரோவாவில் பறக்கக் கற்ற குஞ்சு பசிபிக்கைக் கடந்து தென்னமெரிக்கக் கரைக்கடலுக்குப் போகும். ஆண்டுக்கணக்கில் நிலத்தை மிதிக்காது. தாய் எங்கே போய் அந்த இரையைத் தேடியது, என்ன கிடைத்தது, எத்தனை தூண்டில் கயிறுகளைத் தாண்டி வந்தது என்பது திரைக்கு வெளியே நடக்கிறது. பஃபின் குஞ்சின் சாவு கூட்டுக்குள் நடந்தது, காரணம் கடலில் இருந்தது. கூட்டைப் பார்ப்பவன் கதையில் பாதியைத்தான் பார்க்கிறான். மீதிப் பாதி எங்கே நடக்கிறது என்று கேட்டுக்கொண்டு போனால் கேள்வி எங்கள் வாசலுக்கே வந்துவிடுகிறது.

கன்னியாகுமரிக்குத் தெற்கே வெட்ஜ் பாங்க் என்ற கடலடி மேடு இருக்கிறது. சுமார் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பு. ஆழம் குறைவு, ஒளி புகும், நீரோட்டங்கள் சந்திக்கும். மீன் கூடி வாழும் இடம். 1976-இல் இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில் அது இந்தியாவின் உரிமைக்குள் வந்தது. தென்மேற்குப் பருவக்காற்று அடிக்கும் மாதங்களில் இந்தக் கடலுக்குத் தெற்குக் கோளத்துப் பறவைகள் வருகின்றன. வில்சன் ஸ்டார்ம் பெட்ரல் என்பது கொண்டைக்குருவி அளவேயான கறுத்த பறவை. அண்டார்டிக்காவின் பாறை இடுக்குகளில் முட்டையிட்டு, அங்கே குளிர் கடுமையாகும்போது வடக்கே வந்து, நம் கடலில் அலைமேல் நடப்பதுபோல் கால் தொட்டு இரை பொறுக்கும். ஆஸ்திரேலியாவின் தென்மேற்குத் தீவுகளில் கூடு வைக்கும் ஷியர்வாட்டர்கள் அரபிக்கடலுக்கு இந்த வழியாகவே போகின்றன. ஆலாக்களில் பல வகைகள் இலங்கையின் மேற்குக் கரையை ஒட்டிப் பெருங்கூட்டமாகக் கடக்கின்றன. எந்தப் பனிக்கரைக் கூட்டையும் நம்மால் பார்க்க முடிகிறது. அந்தக் கூட்டின் பறவை நம் முற்றத்துக்கு வரும்போது பார்க்க ஆளில்லை.

ஆளில்லாததற்குக் காரணம் உண்டு. எங்கள் மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். கடலும் கொந்தளிப்பாக இருக்கும். பறவை பார்ப்பவர்கள் படகேறும் காலம் அதுவல்ல. நாட்டுப் படகுக்காரர்கள் மட்டும் போகிறார்கள். அவர்களிடம் கேட்டால் விஷயம் இருக்கிறது. சிதறாலுக்குக் கிழக்கே ஓடும் கோதையாறு குழித்துறை வழியாகத் தேங்காப்பட்டணத்தில் கடலில் விழுகிறது. தோப்பில் முஹம்மது மீரானின் ஊர் அது. அங்கே படகை விட்டு ஓய்ந்துபோன ஒரு பெரியவரிடம் ஒரு மாலை பேசிக்கொண்டிருந்தேன்.

"அண்ணே, மழக்காலத்துல கறுத்த பறவ கூட்டமாப் போவுமே, கண்டிருக்கியளா?"

"ஏன் காணாம, மக்கா? தண்ணிய ஒட்டித்தான் போவும், செறக அடிக்காது. அது வட்டம் போட்டா அடியில மீனு உண்டு. நாங்க அதப் பாத்துத்தான் வல எறக்குவோம்."

"அதுக்கு என்ன பேரு சொல்லுவிய?"

"ஒவ்வொரு கரையில ஒவ்வொரு பேரு. பேரு எதுக்கு, அது வந்துதா இல்லியாண்ணு பாத்தாப் போதும். இப்ப ரெம்பக் கொறவு."

கடைசி வாக்கியத்தை அவர் சொன்ன விதத்தில் வருத்தமோ அழுத்தமோ இல்லை. சந்தையில் மீன் விலை சொல்வதுபோலச் சொன்னார். எனக்குத்தான் மனசுக்குள் ஏதோ இடறியது. டயரோவாவில் ஒரு குஞ்சின் எடை கூடக் கிராம் கணக்கில் பதிவாகிறது. இங்கே ஒரு கடலே வெறுமையாகிக்கொண்டிருக்கிறது என்று ஒரு மனிதர் சொல்கிறார், அதை எழுதிவைக்க ஒரு நோட்டுப் புத்தகம் இல்லை. கரையோரம் பரவாயில்லை. சுசீந்திரம், தேரூர், மணக்குடிப் பகுதிகளில் பறவை ஆர்வலர்கள் நெடுங்காலமாகக் கணக்கெடுத்து வருகிறார்கள். மீசை ஆலாவும் பெரிய கொண்டை ஆலாவும் எப்போது வருகின்றன என்று அவர்களிடம் கேட்டால் சொல்வார்கள். சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022-இல் உலக ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்ததற்கு அந்தப் பதிவுகளும் பக்கபலம். கரையைத் தாண்டி உள்ளே போனால் பதிவுகள் மெலிந்துவிடுகின்றன. குணந்தாங்கிக் குறத்தி வந்துபோனதை அறிந்திருக்கிற நமக்கு, அண்டார்டிக்காவிலிருந்து ஆண்டுதோறும் வந்துபோகும் விருந்தாளியைப் பற்றிச் சொல்ல ஒரு வரி இல்லை.

யாரும் பார்க்காத இடத்தில் எதுவும் செய்யலாம் என்றாகிவிடுகிறது. 2021-இல் கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் கப்பல் எரிந்து மூழ்கியது. அதிலிருந்து சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணைகள் கடலில் கொட்டின. இலங்கையின் மேற்குக் கரை வெள்ளை மணலுக்குப் பதில் வெள்ளைக் குருணையாகக் கிடந்தது. செத்த ஆமைகள் ஒதுங்கின. நான்கு ஆண்டு கழித்து எங்கள் முறை. விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்குப் புறப்பட்ட எம்எஸ்சி எல்சா 3 கப்பல் 640 பெட்டகங்களோடு 2025 மே 25 அன்று கேரளக் கடலில் மூழ்கியது. பெட்டகங்கள் உடைந்து பிளாஸ்டிக் குருணைகள் கேரளக் கரைகளிலும் நீரோடி தொடங்கி எங்கள் மாவட்டக் கரைகளிலும் ஒதுங்கின. தன்னார்வலர்கள் சல்லடையும் வாளியுமாக மணலைச் சலித்தார்கள். கரையில் ஒதுங்கியதை அள்ளலாம். கடலில் மிதப்பது மீன்முட்டையைப் போலிருக்கும். பெட்ரல் வகைப் பறவைகள் மேற்பரப்பில் மிதக்கும் இரையைப் பொறுக்கித் தின்பவை. தெற்கிலிருந்து அவை வந்துசேரும் மாதமும் அதுதான். பசிபிக் நடுவே மிட்வே தீவில் அல்பட்ராஸ் குஞ்சுகளின் வயிற்றில் லைட்டரும் மூடியுமாகப் பிளாஸ்டிக் நிறைந்திருக்கும் படங்களைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதே தீவில்தான் 1956-இல் வளையமிடப்பட்ட விஸ்டம் என்ற லேசான் அல்பட்ராஸ் 2024-லும் முட்டையிட்டது. உலகில் நாமறிந்த மிக முதிய காட்டுப்பறவை அதுவே. மிட்வேயில் நடந்ததைக் கேமரா உலகத்துக்குக் காட்டியது. எங்கள் கடலில் அந்த மே மாதத்தில் எந்தப் பறவை எதைத் தின்றது என்று யாருக்குத் தெரியும்?

2024-இல் கன்னியாகுமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெயும் எரிவாயுவும் தேட ஒன்றிய அரசு ஏலம் கோரியது. மூன்று வட்டாரங்கள், சேர்த்து 27,000 சதுர கிலோமீட்டருக்கு மேல். கடற்கரை ஊர்கள் எதிர்த்துத் தெருவுக்கு வந்தன. மீனவர்கள் தங்கள் தொழிலைச் சொன்னார்கள், சரியாகவே சொன்னார்கள். அங்கே வாழும் மற்ற உயிர்களின் சார்பில் பேச, ஆண்டு வாரியாக, மாதம் வாரியாக எடுத்து வைக்கக்கூடிய பதிவு நம்மிடம் இருந்திருக்க வேண்டும். வெறும் வரைபடத்தில் அது நீலநிறக் கட்டம். கட்டத்தை ஏலம் போடுவது எளிது.

கடலை மக்கள் பார்க்கும்படி செய்தால் என்ன ஆகும் என்பதற்கு அர்ஜென்டினா ஓர் உதாரணம் தந்திருக்கிறது. 2025 ஜூலை, ஆகஸ்டில் அந்நாட்டு விஞ்ஞானிகள் ஷ்மிட் கடலாய்வு நிறுவனத்தின் கப்பலில் மார் டெல் பிளாட்டா ஆழ்கடல் பள்ளத்தாக்குக்குப் போனார்கள். ஆளில்லா நீர்மூழ்கியின் கேமரா ஏறத்தாழ 3,900 மீட்டர் ஆழம் வரை இறங்கியது. அதை நேரலையாகக் காட்டி, கப்பலிலிருந்தே ஸ்பானிய மொழியில் பேசி விளக்கினார்கள். ஒரே நேரத்தில் பல்லாயிரம் பேர் பார்த்தார்கள். ஒரு கடல் வெள்ளரிக்கு மக்கள் செல்லப்பெயர் வைத்தார்கள், ஒரு நட்சத்திர மீன் நாட்டுக்கே பிடித்தமானதாகிவிட்டது. அறிவியலுக்கான அரசின் நிதி சுருங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்த நேரலை நடந்ததால், ஆய்வாளர்களுக்கு ஆதரவாக ஒரு பெருங்கூட்டம் சேர்ந்தது. அவர்கள் பார்த்தது தங்கள் கடலை, தங்கள் மொழியில். அதுதான் முக்கியம்.

நமக்கு என்ன குறை? 1993-இல் தொடங்கிய தேசிய கடல் தொழில்நுட்பக் கழகம் சென்னைப் பள்ளிக்கரணையில் இயங்குகிறது. அவர்களின் ஆளில்லா நீர்மூழ்கி 2010-லேயே 5,000 மீட்டருக்குக் கீழே போய்வந்தது. வெட்ஜ் பாங்கின் ஆழம் அதன் முன் ஒன்றுமே இல்லை. ஒரு வாரம் அங்கே கேமராவை இறக்கி, தமிழிலும் மலையாளத்திலும் பேசிக் காட்டினால் குமரி மாவட்டமே உட்கார்ந்து பார்க்கும். லட்சத்தீவில் பிட்டி என்ற சின்னஞ்சிறு மணல்திட்டு ஆலாக்கள் முட்டையிடும் இடம், 1995 முதல் பறவைகள் சரணாலயம். மனிதர் கால் வைக்கக் கூடாத இடத்துக்குத்தான் கேமரா வேண்டும். மணக்குடிப் பொழிமுகத்தில் ஆலாக்கள் கூடும் மணல்மேட்டைப் பார்த்தபடி ஒரு கம்பத்தில் ஒன்று வைப்பதற்கு வனத்துறை மனம் வைத்தால் போதும், செலவு பெரிதில்லை. லென்ஸ் தூக்கிக்கொண்டு ஓடுகிறவர்களையும் அது பார்த்துக்கொள்ளும்.

அரசு செய்யட்டும் என்று காத்திருக்கவும் வேண்டியதில்லை. கடலைத் தொலைவிலிருந்து பார்க்கும் பழக்கம் தமிழர்களுக்கு ஏற்கெனவே வந்துவிட்டது. மூக்கையூரிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் மீனவ இளைஞர்கள் படகிலேயே எடுத்துப் போடும் காணொளிகளை லட்சக்கணக்கானோர் பார்க்கிறார்கள். வலை ஏறுவதையும் மீன் துள்ளுவதையும் படகிலேயே குழம்பு வைப்பதையும் நானும் ஆர்வமாகப் பார்க்கிறேன். பார்க்கும்போது என் கண் திரையின் ஓரத்துக்குப் போய்விடும். வலைக்குப் பின்னால், சற்று மங்கலாக, ஒரு பறவை குறுக்கே பறக்கும். ஓங்கில் ஒன்று முதுகு காட்டிவிட்டு முங்கும். பேசுகிறவர் கவனம் மீனில் இருக்கும், கேமராவும் மீனிலேயே இருக்கும். அந்தப் பறவை எது என்று நிறுத்தி நிறுத்திப் பார்ப்பேன். பாதி நேரம் தெரியாது. ஆனால் ஒன்று தெரிகிறது: ஆய்வாளர்கள் போக முடியாத கடலில், போக முடியாத காலத்தில், கேமராவோடு நம் ஆட்கள் இருக்கிறார்கள். தூத்தூர் வட்டாரப் படகுகள் லட்சத்தீவையும் தாண்டி வாரக்கணக்கில் கடலில் கிடக்கின்றன. ஒக்கிப் புயலில் அத்தனை உயிர்களை இழந்த பிறகும் போய்க்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ணில் படுவதில் நூறில் ஒரு பங்கு பதிவானாலும், டயரோவா திரையில் தெரியாத மறுபாதி தெரியத் தொடங்கும்.

கடலுக்குப் போகும் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். வலை இழுக்கும்போது கேமராவை மீனிலிருந்து ஒரு நிமிடம் மேலே திருப்புங்கள். தண்ணீரை ஒட்டிச் சிறகடிக்காமல் போகும் கறுத்த பறவை, அலைமேல் கால் தொட்டு நடக்கும் சிறு பறவை, மீன்கூட்டத்தின் மேல் வட்டமிடும் ஆலா, வலையோரம் மூச்சுவிட எழும் பங்குனி ஆமை, எதுவானாலும் எடுங்கள். படம் மங்கலாக இருந்தால் பரவாயில்லை. தேதியைச் சொல்லுங்கள், நேரத்தைச் சொல்லுங்கள், ஜிபிஎஸ் காட்டும் இடத்தைச் சொல்லுங்கள், உங்கள் கரையில் அந்தப் பறவைக்கு வழங்கும் பெயரைச் சொல்லுங்கள். கரையில் இருக்கும் பறவை ஆர்வலர்களே, 2015 முதல் பொங்கல் நாட்களில் குளத்தையும் வயலையும் சுற்றிக் கணக்கெடுக்கிறீர்கள். ஆடி மாதத்தில் ஒரு நாள் துறைக்கும் போங்கள். படகு கரையேறும்போது நின்று, அன்று கடலில் என்னென்ன பறவை கண்டார்கள் என்று கேட்டு எழுதி, இ-பேர்ட் இணையதளத்தில் ஏற்றுங்கள். வருகிற ஆடியிலேயே இதைத் தொடங்கிவிடலாம்.